பீரின் விலையும் கட்டடத்தின் விலையும்

2015 ஏப்ரலில் வடமேற்கு லண்டனின் கார்ல்டன் வேல் சாலையில் ஒரு பப் இடிக்கப்பட்டது. கார்ல்டன் டாவர்ன் என்று பெயர், 1920-21இல் கட்டியது. சரக்குக் கணக்கெடுப்பு இருக்கிறது, கடையைத் திறக்க வேண்டாம் என்று அதை நடத்திவந்தவரிடம் சொல்லியிருந்தார்கள். வந்தது இடிக்கும் இயந்திரம். அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ப்பது பற்றிய முடிவு அடுத்த ஓரிரு நாளில் வெளிவர இருந்தது. அதே மனையில் அடுக்குமாடி வீடுகள் கட்ட உரிமையாளர் கேட்டிருந்த அனுமதியை வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி ஏற்கெனவே மறுத்திருந்தது.

அக்கம்பக்கத்தார் இப்படி ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தே இருந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு முன்கூட்டியே வந்து அந்தப் பப்பின் ஓடுகளுக்கு அச்சு எடுத்து, உள்ளும் புறமும் பதிவு செய்து வைத்திருந்தது. அந்தப் பதிவுதான் பிறகு கைகொடுத்தது. இருந்தது இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று நகராட்சி உத்தரவிட்டது. உரிமையாளர் மேல்முறையீடு செய்தார். 2016இல் பொது விசாரணை நடந்தது, முறையீடு தள்ளுபடியானது. 2021 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு தளர்ந்த நாட்களில், அந்தப் பப் அதே இடத்தில் அதே முகப்போடு திறந்தது.

பிரிட்டனில் இப்படி முடிந்த கதைகள் மிகக் குறைவு. 2000ஆம் ஆண்டில் அந்த நாட்டில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இன்று சுமார் 45,000. 2018இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மட்டும் 11,000க்கு மேல் குறைந்ததாகச் சொன்னது. அந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி வேறு. இத்தனை மூடியும் பப் தொழிலின் மொத்த வருமானம் பெரிதாகச் சரியவில்லை, வேலையாட்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. மூடியவை பெரும்பாலும் சிறியவை. பெரிய நிறுவனங்கள் பெரிய கடைகளில் முதலீட்டைக் குவித்தன. தெருக்கோடியில், கிராமத்து நாற்சந்தியில், தொழிலாளர் குடியிருப்பின் ஓரத்தில் இருந்தவை போயின. பப் தொழில் பிழைத்துக்கொண்டது, ஊர்ப் பப் சாகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பிரிட்டன் அரசியல்வாதிகள் பேச்சில் ஒப்புக்கொள்கிறார்கள், வரவுசெலவுத் திட்டத்தில் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நம் நகரங்களில் நட்சத்திர ஓட்டல்களின் மாடியில் இசை அதிர இயங்கும் பப்பை இங்கே மனத்தில் கொள்ளக் கூடாது. பிரிட்டனின் ஊர்ப் பப் கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் அதை நடத்துபவரின் குடியிருப்பு என்று அமைந்த வீடு. அங்கே முதியவர் ஒருவர் ஒரு பைன்ட் பீரை வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் நாளிதழ் படிப்பார். காலடியில் அவருடைய நாய். சுவரில் டார்ட் பலகை, வாரத்தில் ஒருநாள் வினாடி வினா, ஞாயிறு மதியம் குடும்பத்தோடு சாப்பாடு. ஊர்க் கால்பந்து அணியின் கூட்டமும் சாவு வீட்டுக்குப் பிந்தைய சந்திப்பும் அங்கேதான். 1937 வாக்கில் தொடங்கி பாட்டாளிகளின் நகரமான போல்டனில் மாஸ் அப்சர்வேஷன் அமைப்பினர் பப்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, 1943இல் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். மக்கள் அங்கே என்ன குடித்தார்கள் என்பதைவிட என்ன செய்தார்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு மானுடவியலாளர் ராபின் டன்பார், வழக்கமாகப் போகும் பப் ஒன்று உள்ளவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் அதிகம் என்று எழுதினார். அந்த ஆய்வு பீர் நுகர்வோர் இயக்கமான காம்ராவுக்காக நடந்தது என்பதையும் வாசகர் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு கிராமத்தில் தபால் நிலையமும் மளிகைக் கடையும் மூடியபின் எஞ்சும் ஒரே பொது அறை பப் என்ற நிலையில், அந்த முடிவை நம்புவது கடினமாக இல்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு, ஓர் அரசு குடிக்கும் இடத்தை மூடாமல் காப்பதைக் கொள்கையாக வைத்திருப்பது விசித்திரமாகப் படலாம். மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்காருவதும் ஆட்சிக்கு வந்தால் மூடுவோம் என்று கட்சிகள் வாக்குக் கொடுப்பதும் நமக்குப் பழகியவை. 2016இல் ஜெயலலிதா பதவியேற்றதும் 500 டாஸ்மாக் கடைகளை மூடக் கையெழுத்திட்டார். பிரிட்டனும் நூறாண்டுக்கு முன் இதே பாதையில்தான் நின்றது. அங்கே 1904ஆம் ஆண்டுச் சட்டம், தேவைக்கு மேல் இருப்பதாகக் கருதப்பட்ட பப்களை நஷ்டஈடு கொடுத்து மூட வழி செய்தது. 1916இல் அரசு இன்னும் ஒருபடி மேலே போனது. எல்லைப்புற நகரமான கார்லைலுக்கு அருகே கிரெட்னாவில் பெரும் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தபோது, தொழிலாளர் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவார்கள் என்ற அச்சத்தில், அந்த வட்டாரத்தின் பீர் ஆலைகளையும் பப்களையும் அரசு மொத்தமாக வாங்கி நடத்தத் தொடங்கியது. பல பப்களை மூடியது. மீதமிருந்தவற்றின் மேலாளருக்கு மது விற்பனையில் கமிஷன் கிடையாது, உணவு விற்பனையில் உண்டு. ஹாரி ரெட்ஃபர்ன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வெளிச்சமும் இருக்கையும் சாப்பாட்டு அறையும் உள்ள புதிய பப்களைக் கட்டியது. முதல் உலகப் போர் முடிந்தும் அந்த ஏற்பாடு நீடித்தது. எட்வர்ட் ஹீத் ஆட்சியில் 1971இல் ஒழிப்புச் சட்டம் வந்து, 1973 வாக்கில் எல்லாம் தனியாருக்கு விற்கப்பட்டன.

அரசே மது விற்கும் மாநிலத்திலிருந்து பார்க்கும்போது கார்லைல் மிகவும் கவனிக்கத்தக்க சோதனை. குடியைக் குறைக்க நினைத்த அரசு, குடிக்கும் இடத்தை நல்ல அறையாக்கினால் குடி தானே கட்டுக்குள் வரும் என்று நம்பியது. விற்பவரின் வருமானத்தை விற்பனையிலிருந்து பிரித்தது. இன்றைக்குப் பப்பைக் காக்கக் கோருவோரின் வாதத்துக்கும் வேர் இதுவே. பிரிட்டனில் இன்று விற்கும் பீரில் பாதிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வீட்டில் குடிப்பது. அங்கே போதும் என்று சொல்ல ஆளில்லை. பப்பில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு, போதையேறியவருக்கு ஊற்றக் கூடாது என்ற சட்டக் கடமை உண்டு. குடியின் தீங்கை நான் சிறிதாக்கவில்லை. பப் மூடினால் குடி நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, குடிப்பவர் தனியாகிறார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

சரி, ஏன் மூடுகின்றன? 2007 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த புகைத்தடை, மலிவான சூப்பர் மார்க்கெட் பீர், இளைஞர்கள் குறைவாகக் குடிப்பது, மின்கட்டணம் எல்லாம் காரணங்களே. ஆனால் இவை எல்லாப் பப்பையும் ஒரே மாதிரி பாதிக்க வேண்டியவை. சில மூடி, சில மூடாமல் இருப்பதன் காரணத்தைத் தேடினால் விசாரணை வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது: அந்தக் கட்டடம் யாருடையது?

1980களில் பாஸ், விட்பிரெட், கரேஜ் உட்பட ஆறு பெரிய பீர் ஆலைகள் நாட்டின் பப்களில் பெரும் பங்கைச் சொந்தமாக வைத்திருந்தன. அவற்றின் குத்தகைதாரர், முதலாளி ஆலையின் பீரையே வாங்கி விற்க வேண்டும். இதற்கு 'டை' என்று பெயர். ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் 1989இல் இந்தப் பிடியை உடைக்கப் பரிந்துரைத்தது: எந்த ஆலையும் 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வர்த்தக அமைச்சர் யங் பிரபு முதலில் ஏற்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார். ஆலைகள் பெரும் பிரசாரத்தில் இறங்கின, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களே எதிர்த்தார்கள். அமைச்சர் பின்வாங்கினார். கடைசியில் வந்த ஆணை, 2,000க்கு மேல் உள்ளவற்றில் பாதியை 'டை'யிலிருந்து விடுவித்தால் போதும் என்றது.

அதன் விளைவை ஆணையம் கனவிலும் நினைத்திருக்காது. ஆலைகள் பப்களைக் கொத்துக் கொத்தாக விற்றன. வாங்கியவர்கள் பீரே காய்ச்சாத நிறுவனங்கள். ஆணை ஆலைகளைத்தான் கட்டுப்படுத்தியது; காய்ச்சாதவர்கள் எத்தனை ஆயிரம் பப் வைத்திருந்தாலும் அதன் வரம்புக்குள் வரவில்லை. 1991இல் தொடங்கிய என்டர்பிரைஸ் இன்ஸ், 1997இல் தொடங்கிய பஞ்ச் டாவர்ன்ஸ் ஆகிய இரண்டும் 2000களின் நடுவில் தலைக்கு ஏழாயிரத்துக்கும் அதிகமான பப்களின் உரிமையாளர்கள். இவற்றைப் பப் கம்பெனிகள் என்பார்கள். பப்களின் வருங்கால வாடகையை ஈடாகக் காட்டிக் கடன்பத்திரம் விற்றுப் பல நூறு கோடி பவுண்டு திரட்டி, அந்தப் பணத்தில் மேலும் பப்களை வாங்கியது இவர்களின் வழிமுறை. குத்தகைதாரர் இரண்டு வாடகை கட்டினார். ஒன்று கட்டடத்துக்கு. இன்னொன்று பீரில் ஒளிந்திருந்தது: வெளிச்சந்தையில் கிடைக்கும் அதே பீப்பாயைக் கம்பெனியிடம் கூடுதல் விலைக்கு வாங்கும் கட்டாயம். தொழிலில் உள்ளவர்கள் முன்னதை உலர் வாடகை என்றும் பின்னதை ஈர வாடகை என்றும் சொல்வார்கள். 2008இல் நிதிச்சந்தை சரிந்தபோது கடனை அடைக்கக் கம்பெனிகளுக்குப் பணம் தேவைப்பட்டது. கையில் இருந்தது நிலம். ஆயிரக்கணக்கில் விற்றார்கள். லாபமாக ஓடிய பப்பும் விற்பனைக்கு வந்தது. வீடு கட்டும் நிறுவனத்துக்கு அந்த மனை, பீர் விற்று வரும் வருமானத்தைவிடப் பல மடங்கு பெறுமானமுள்ளது.

இந்தக் கட்டத்தில்தான் அரசியல் ஆதரவு அமைப்பு வடிவம் பெற்றது. 2009இல் நாடாளுமன்றத்தில் பப்பைக் காக்கும் அனைத்துக் கட்சிக் குழு தோன்றியது; லீட்ஸ் வடமேற்குத் தொகுதியின் லிபரல் டெமக்ராட் உறுப்பினர் கிரெக் மல்ஹாலண்ட் அதன் தலைவர். 2010இல் லேபர் அரசு ஜான் ஹீலியிடம் பப்களுக்கான பொறுப்பைத் தந்தது. அடுத்து வந்த கூட்டணி அரசும் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்தது. எந்தக் கட்சித் தலைவரும் தேர்தல் நேரத்தில் கையில் பைன்ட் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. 2015 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தபோது பிரதமர் டேவிட் கேமரன் அவரைக் கேட்ஸ்டனில் உள்ள பிளவ் என்ற பப்புக்கு அழைத்துப் போனார். அடுத்த ஆண்டே அந்தப் பப்பைச் சீன முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது.

ஆதரவு இருவிதமாக வெளிப்பட்டது. ஒன்று பீரின் வரியில். 2008இல் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங், பீர் வரி ஆண்டுதோறும் பணவீக்கத்தைவிட 2 சதவீதம் கூடுதலாக உயரும் என்று விதித்தார். 2013இல் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதை நீக்கி, ஒரு பைன்டுக்கு ஒரு பென்னி குறைத்தார். 2014இலும் 2015இலும் மீண்டும் குறைத்தார். 2023 ஆகஸ்டில் பீப்பாயிலிருந்து ஊற்றும் பீருக்குப் பாட்டில் பீரைவிடக் குறைந்த வரி வந்தது. பப்பையும் சூப்பர் மார்க்கெட்டையும் வரியில் வேறுபடுத்திய முறை என்பதால் இதை நான் உருப்படியான மாற்றமாகக் கருதுகிறேன். 2024 அக்டோபரில் ரேச்சல் ரீவ்ஸ் அந்த வரியில் இன்னொரு பென்னியைக் குறைத்தார். அதே நாளில், வேலையாட்களுக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டை 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார். அது தொடங்கும் ஊதிய வரம்பை 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறக்கினார். பப்களுக்கு இருந்த சொத்துவரிக் கழிவு 75 சதவீதத்திலிருந்து 40 ஆனது. பகுதிநேர ஆட்களைக் கொண்டு ஓடும் தொழிலுக்கு அந்த 5,000 என்ற எண்தான் பெரிய அடி. மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு அந்த ஒரு பென்னி வசதியான செய்தி. பத்து ஆண்டுகளுக்கு மேலாக எல்லாக் கட்சி நிதியமைச்சர்களும் இதே வழியில் பப் மீதான அன்பைக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது விதம் சொத்தின் மேல் கைவைப்பது. அது வந்த வேகம் நத்தை வேகம்.

2014 நவம்பர் 18 அன்று மல்ஹாலண்ட் கொண்டுவந்த திருத்தம் 284க்கு 269 என்ற கணக்கில் நிறைவேறியது, தோற்றது அரசு. பெரிய கம்பெனிகளின் குத்தகைதாரர், குறிப்பிட்ட தருணங்களில் 'டை' வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன் என்று கேட்கும் உரிமை அதில் இருந்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட 'டை' பப்கள் வைத்திருக்கும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் விதிமுறை 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மேற்பார்வைக்கு ஒரு நடுவரும் அமர்த்தப்பட்டார். உரிமை கிடைத்தது, ஆனால் அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம். ஹைனக்கனின் பப் பிரிவான ஸ்டார் பப்ஸ், 'டை' இல்லாத குத்தகை கேட்டவர்களிடமும் தன் பீரையே நியாயமற்ற அளவுக்கு வைத்திருக்கும்படி நிபந்தனை போட்டதாக நடுவர் கண்டறிந்து, 2020 அக்டோபரில் 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். முன்வாசலில் விடுவித்துப் பின்வாசலில் கட்டிப்போட்ட கதை. ஸ்காட்லாந்து தன் குத்தகைதாரர்களுக்கான தனிச் சட்டத்தை 2021இல்தான் இயற்றியது.

நிலப்பயன்பாட்டு விதியின் கதை இன்னும் மோசம். ஒரு பப்பைக் கடையாகவோ அலுவலகமாகவோ மாற்ற இங்கிலாந்தில் நெடுங்காலம் அனுமதியே தேவைப்படவில்லை. பப் வெள்ளிக்கிழமை மூடும், சில வாரங்களில் அதே வாசலில் சூப்பர் மார்க்கெட்டின் சிறுகடைப் பலகை தொங்கும். ஊர்க்காரர்கள் மனுப்போடக்கூட ஒரு மேசை கிடையாது. 2015இல், சமூக மதிப்புள்ள சொத்து என்று பதிவான பப்களுக்கு மட்டும் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. 2017 மே மாதம் எல்லாப் பப்களுக்கும் அடைத்தார்கள். என் கணிப்பில் பப்பைக் காக்க வந்த நடவடிக்கைகளில் மிகவும் பயன்பட்டது இது. அரசுக்கு ஒரு பென்னி செலவில்லை. உரிமையாளரைப் பப் நடத்தச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. மாற்ற வேண்டுமானால் அனுமதி கேள், ஊர் சொல்வதைக் கேட்டு நகராட்சி முடிவு செய்யும் என்றது, அவ்வளவே. இதைச் செய்ய ஏன் ஆயிரக்கணக்கான பப்கள் போகும்வரை காத்திருந்தார்கள் என்ற கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் நகராட்சி 2012இலேயே தன் எல்லைக்குள் பப்களைக் காக்கத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு லண்டன் பெருந்திட்டம், ஒரு பப்பைக் கைவிட நினைக்கும் உரிமையாளர் அதைப் பப்பாகவே நடத்த ஆள் தேடி 24 மாதமாவது சந்தையில் வைத்திருந்ததற்கு ஆதாரம் கேட்கிறது.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதை ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஹிம்லியில் இருந்த க்ரூக்கட் ஹவுஸ் காட்டியது. 1765இல் கட்டிய பண்ணைவீடு அது. அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒருபக்கம் நான்கடி இறங்கிச் சாய்ந்து, அந்தச் சாய்வுக்காகவே பேர்பெற்றது. 2023 ஜூலையில் மார்ஸ்டன்ஸ் நிறுவனம் அதை விற்றது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பற்றியது. 7ஆம் தேதி அனுமதியில்லாமல் தரைமட்டமானது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் ஆண்டி ஸ்ட்ரீட் உடனே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டக் கோரினார். 2024 பிப்ரவரியில் தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் நகராட்சி, மூன்று ஆண்டுக்குள் கட்டித்தர நோட்டீஸ் கொடுத்தது. உரிமையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். இடிபாட்டிலிருந்து செங்கற்கள் எடுத்துப் பத்திரப்படுத்தப்பட்டன.

இன்னொரு வழியும் இருந்தது: கட்டடத்தை ஊரே வாங்குவது. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்ட் கிரவுனை 2003இல் ஊர்க்காரர்கள் கூட்டுறவாக வாங்கியது முன்னோடி. 2011ஆம் ஆண்டு உள்ளூர்மயச் சட்டம் இந்த வழிக்குச் சட்டப் பெயர் கொடுத்தது. வட்டாரத்து வாக்காளர் 21 பேர் சேர்ந்து ஒரு பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியக் கேட்கலாம். பதிவு ஐந்தாண்டு செல்லும். உரிமையாளர் விற்க முனைந்தால் ஊருக்கு ஆறு வாரம். வாங்க விருப்பம் தெரிவித்தால் ஆறு மாதம். அதுவரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

முதலில் பதிவானது தென்கிழக்கு லண்டன் நன்ஹெட்டில் இருக்கும் ஐவி ஹவுஸ். ட்ரூமன் ஆலை 1930களில் கட்டியது. மரப்பலகை அடித்த சுவர், சிறு மேடை, 1970களின் பப் ராக் இசைக்குழுக்கள் வாசித்த கூடம். 2012 ஏப்ரலில் நடத்தியவர்களுக்குச் சில நாள் அவகாசம் மட்டும் கொடுத்துக் கம்பெனி மூடியது. ஊர்க்காரர்கள் பாரம்பரியக் கட்டடத் தகுதி வாங்கினார்கள், பிறகு பதிவு வாங்கினார்கள். ஆறு மாத அவகாசத்துக்குள் கடனும் மானியமுமாகத் திரட்டி 8,10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அடுத்து வெளியிட்ட பங்குகளை 371 பேர் எடுத்தார்கள். 2013 ஆகஸ்டில் கதவு திறந்தது. வடக்கு யார்க்ஷயரின் ஹட்ஸ்வெல்லில் 2008இல் மூடிய ஜார்ஜ் அண்ட் டிராகனை ஊரே வாங்கி 2010இல் திறந்தது. அந்தத் தொகுதி உறுப்பினர் வில்லியம் ஹேக் வந்து திறந்துவைத்தார். பப்புக்குள்ளேயே சிறு நூலகம், தன்னார்வலர் நடத்தும் மளிகைக் கடை, பின்னால் காய்கறிப் பாத்திகள். காம்ராவின் 2016ஆம் ஆண்டு தேசியச் சிறந்த பப் விருது அதற்குக் கிடைத்தது. பிரைட்டனின் பெவண்டீன் குடியிருப்பில் அடிதடிக்குப் பேர்போய் 2010இல் காவல்துறையால் மூடப்பட்ட பப்பைக் குடியிருப்புவாசிகள் நூற்றுக்கணக்கில் பங்கு வாங்கி 2014இல் திறந்தார்கள். முதியவர்களுக்கான மதியச் சாப்பாடு அங்கே நடந்தது. ஒரே கட்டடம்தான், அதே மக்கள்தான். கையில் இருப்பவர் மாறியதும் இடத்தின் குணம் மாறியது. கூட்டுறவு முன்னோடி ஹொரஸ் பிளங்கெட் 1919இல் தொடங்கிய அமைப்பு இவற்றுக்குத் துணைநிற்கிறது. இன்று பிரிட்டனில் 150க்கு மேற்பட்ட பப்கள் ஊரார் சொந்தம், மூடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது விலைகேட்கும் உரிமை, வாங்கும் உரிமை அல்ல. ஆறு மாதம் காத்திருந்துவிட்டு உரிமையாளர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், விற்காமலே பூட்டி வைக்கலாம். தொழில் நடந்துகொண்டிருக்கும் பப்பை அப்படியே கைமாற்றினால் காத்திருப்பும் இல்லை.

ஊர், சமூகம் என்று பேசும்போது யாருடைய ஊர் என்று கேட்காமல் போகக் கூடாது. பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெத்திக்கில் 1960களில் பப்களின் நல்ல அறைகளில் இந்தியருக்கும் கறுப்பருக்கும் இடம் தர மறுத்தார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜவ்ல் வெள்ளை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் வாங்கிய பீரைத் தன்முன் வைக்கச் செய்து அந்த நிறத்தடையை அம்பலப்படுத்தினார். அவர் அழைப்பில் 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அங்கே வந்தார். ஒன்பது நாளில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இன உறவுச் சட்டம் பப்களில் நிறத்தடையைச் சட்டவிரோதமாக்கியது. லண்டன் ஃப்ளீட் தெருவின் எல் வினோ என்ற மதுக்கூடத்தில் பெண்கள் கவுன்டரில் நின்று குடிக்க 1982இல் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. கதவு அடைத்திருந்த அதே வட்டாரத்தில், ஆலைகள் கைவிட்ட பப்களைப் பின்னாளில் பஞ்சாபிகள் எடுத்து நடத்தினார்கள். தந்தூரி அடுப்பு வந்தது, பழைய வெள்ளைக்கார வாடிக்கையாளரும் தங்கினார். வெஸ்ட் பிராம்விச்சின் ரெட் லயனில் வண்ணக்கண்ணாடிச் சன்னல் ஒன்று இந்தியர் வந்து குடியேறிய கதையைச் சொல்கிறது. இவற்றைத் தேசி பப்கள் என்பார்கள். 2023இல் டேவிட் ஜேசுதாசன் இவற்றைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் காம்ராவே வெளியிட்டது. மானியமோ சட்டமோ தேடி வராமல் பப்களைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். பப்பைப் பழைய இங்கிலாந்தின் நினைவுச் சின்னமாக முழங்கும் அரசியலில் இவர்களுக்கு இடமிருப்பதில்லை. காக்கத் தகுந்தது கட்டடமும் அதற்குள் யாரும் வந்து உட்காரும் உரிமையும் சேர்ந்தது என்று நான் கருதுவதற்கு ஸ்மெத்திக்கே சான்று.

2025 ஜூலையில் லேபர் அரசு தாக்கல் செய்த இங்கிலாந்து அதிகாரப் பரவல் மசோதா, விலைகேட்கும் உரிமையை வாங்கும் உரிமையாக்க முன்வந்தது. பதிவான சொத்து விற்பனைக்கு வந்தால் முதல் உரிமை ஊருக்கு. அவகாசம் ஆறு மாதத்துக்குப் பதில் 12 மாதம். விலையில் ஒத்துவராவிட்டால் சுயேச்சையான மதிப்பீட்டாளர் நிர்ணயிப்பார். பதினான்கு ஆண்டாக இயக்கங்கள் கேட்டுவந்தது இது, வரவேற்க வேண்டியது. ஆனால் ஊர்கள் இப்படி வாங்குவதற்கென்றே 2021இல் 15 கோடி பவுண்டோடு தொடங்கிய சமூக உடைமை நிதியை அதே அரசு 2024 டிசம்பரில் முடித்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் அறிவித்த புதிய திட்டத்தின் பணம் தேர்ந்தெடுத்த பகுதிகளுக்கே போகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கிராமத்துக்கு 12 மாத அவகாசம் இருக்கும், முதல் உரிமை இருக்கும், வங்கிக் கணக்கில் ஊரார் பங்குப் பணம் மட்டும் இருக்கும்.

அப்போது எல்லாம் அந்த மதிப்பீட்டாளர் எழுதும் எண்ணில் வந்து நிற்கிறது. பப்பாக ஓடும் கட்டடத்தின் விலையா, நாளை வீடுகள் எழும்பக்கூடிய மனையின் விலையா? முன்னதை ஒரு கிராமம் திரட்ட முடியும், பின்னதைத் திரட்ட முடியாது. அந்த மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு விலை ஏறும். அந்த எதிர்பார்ப்பை ஏற்றுவதும் இறக்குவதும் நகராட்சியின் திட்டக்குழு. லண்டனைப் போல 24 மாத ஆதாரம் கேட்டு, அது இல்லாத விண்ணப்பங்களை மறுத்துக்கொண்டே வரும் நகராட்சியின் எல்லைக்குள், பப்பை வாங்க ஊர்க்காரர்கள் திரட்ட வேண்டிய தொகை ஒவ்வொரு மறுப்போடும் குறையும்.